மெழுகுக்குள் ஒரு கன்னம்

கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. புகையிலை அடக்குகிறவர்கள் அங்கேதான் அடக்குகிறார்கள். வெற்றிலை பாக்கோடு வைக்கும் புகையிலை, மாவா, குட்கா என்று பொருள் மாறும், இடம் மாறாது. வலப்பக்கம் அடக்குகிறவருக்குப் பெரும்பாலும் வலப்பக்கமே புண் வருகிறது. மேல்நாட்டில் வாய்ப்புற்று என்றால் நாக்கிலும் நாக்குக்கு அடியிலும்தான் அதிகம். இந்தியாவில் இந்தப் பள்ளத்திலும் கன்னத்திலும். நான் எழுதப்போகும் சதைத் துண்டு அங்கே பிறந்தது. அது குறிப்பிட்ட ஒருவருடையது அல்ல. தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனை எதற்கும் வாரந்தோறும் வந்து சேர்கிற துண்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வரலாறு இது.

இந்தப் பள்ளத்தைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன முதல் ஊர்களில் ஒன்று நம் நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர். அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்த ஓர் (Orr) என்ற மருத்துவர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். புகையிலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஆரம்பக் கட்டுரைகளில் அது ஒன்று. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் மருத்துவர்கள் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தார்கள். புகையிலை சேராத வெறும் பாக்குக்கும் புற்றை உண்டாக்கும் திறன் உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஒப்புக்கொண்டது 2004இல். நெய்யூர்க் கட்டுரைக்கும் அதற்கும் இடையே எழுபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

வெட்டி எடுக்கப்படும் முன்பே இந்தச் சதைக்கு நீண்ட வாழ்க்கை உண்டு. முதலில் வெள்ளைத் திட்டு வரும், அல்லது காரம் பட்டால் எரியும். சிலருக்குக் கன்னம் நார்போல் இறுகி, இரண்டு விரல்கூட வாய்க்குள் நுழையாத அளவுக்குத் திறப்பு குறையும். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இதற்கும் முன்னாலேயே நடந்திருக்கும். செல்லின் மரபணுச் சரத்தில் அடிபட்டால் பிரிவதை நிறுத்தி வைக்கும் பி53 என்ற புரதம் பழுதாகிறது. பழுதான செல் பெருகிச் சுற்றிலும் பரவுகிறது. மேலே பார்த்தால் நல்ல தோல், உள்ளே கெட்டுப்போன வயல். ஸ்லாட்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1953இலேயே இதை வயல் என்ற கருத்தாகவே சொல்லிவிட்டார்கள். ஒரு இடத்தில் புண்ணை எடுத்த பிறகு நாலு விரற்கடை தள்ளி இன்னொன்று முளைப்பது அதனால்தான்.

புண் ஆறவில்லை என்று ஆள் மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் நோய் முற்றிய கட்டம். பல் ஆடி, அதைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கிய குழி ஆறாமல் அலைந்து, களிம்பு தடவி, மாதங்கள் கழிந்திருக்கும். அதற்காக யாரையும் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் வலிக்காத நோய் இது. கூலி வேலையில் இருப்பவர் வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் சம்பளத்தை விடமாட்டார்.

புண்ணின் நடுவில் செத்த சதைதான் இருக்கும். ஆகவே ஓரத்தில், நல்ல தோலும் கெட்டதும் சேருமிடத்தில், பயாப்ஸி எடுக்கிறார்கள். பச்சைப் பட்டாணி அளவுகூட இல்லாத துண்டு ஃபார்மலின் பாட்டிலில் விழுகிறது. அந்த நொடியிலேயே அதன் எதிர்காலத்தில் பாதி முடிவாகிவிடுகிறது என்பது பலருக்கும் தெரியாது. ஃபிராங்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற மருத்துவர் 1893இல் ஃபார்மலின் கிருமியைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் நுனித் தோல் கெட்டிப்படுவதைக் கண்டார். சதையை அழுகாமல் நிறுத்திவைக்கும் வழி அப்படித்தான் கிடைத்தது. ஃபார்மலின் சதைக்குள் மெதுவாகத்தான் ஊறும். மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். குறைந்தது ஆறு மணி நேரம் ஊற வேண்டும், எழுபத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பின்னால் செய்யப்போகும் புரதச் சோதனைகளுக்கான கணக்கு. துண்டின் அளவைப்போல் பத்து மடங்காவது திரவம் வேண்டும். அவசரத்துக்கு உப்புநீரில் போட்டு அனுப்பினாலோ, நீண்ட விடுமுறையில் பாட்டில் அலமாரியிலேயே கிடந்தாலோ, புரதங்கள் உருக்குலைகின்றன. ஆறு மாதம் கழித்து லட்ச ரூபாய் மருந்துக்காகச் செய்யும் சோதனை பொய் சொல்வதற்கான விதை அன்றே விழுந்துவிடுகிறது.

பாட்டிலில் இருந்து கேசட்டுக்கு, கேசட்டில் இருந்து ஆல்கஹாலுக்கு, பிறகு சைலீனுக்கு, கடைசியில் உருகிய மெழுகுக்கு. இதெல்லாம் இரவில், இயந்திரத்துக்குள் நடக்கும். காலையில் டெக்னீஷியன் துண்டை அச்சில் வைத்து மெழுகு ஊற்றி ஆறவிடுகிறார். இப்போது அதற்குப் பெயர் பிளாக். ஓரத்தில் எண்ணும் வருடமும். இனி அதன் அடையாளம் அந்த எண்தான். வாழைத்தண்டு வில்லையைவிட ஆயிரம் பங்கு மெலிதாக, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, வெந்நீர்த் தட்டில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுக்கிறார்கள். நிறமேற்றும் சாயம் ஒன்று மெக்சிகோக் கரையின் மரத்திலிருந்து வருவது. செல்லின் உட்கருவை நீலமாக்கும். இன்னொன்று ஈயோசின், மற்றதை இளஞ்சிவப்பாக்கும்.

ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. முதல் ரிப்போர்ட்டில் இந்த மூன்று சொல்லும், பக்கத்தில் நோயின் தரமும் இருக்கும். செல்கள் தம் தாய்த்தோலை எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதே தரம். மேயோ கிளினிக்கில் ஆல்பர்ட் ப்ராடர்ஸ் 537 உதட்டுப் புற்றுகளைப் பார்த்து 1920இல் இந்தத் தரப்பிரிவைக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியில் தெரிவதை வைத்து ஒருவரின் ஆயுளைக் கணிக்க முயன்ற முதல் பெரிய முயற்சி அதுதான் என்பேன். நூறு வருடமாக ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அது இடம்பெறுகிறது. ஆனால் முற்றிய நோயில் அது மட்டும் அதிகம் சொல்வதில்லை. நம் ஊரில் வருகிற பெரும்பாலான துண்டுகள் நல்ல தரம், நடுத்தரம் என்ற இரண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அவர்களில் ஒருவர் பத்து வருடம் வாழ்கிறார், இன்னொருவர் பத்து மாதத்தில் போய்விடுகிறார்.

துண்டின் இரண்டாம் பிறப்பு ஆபரேஷன் தியேட்டரில். இப்போது வருவது பட்டாணி அல்ல. கன்னம், தாடை எலும்பின் ஒரு பகுதி, கழுத்தின் நெறிகள் எல்லாம் ஒரே கட்டாக, நூல் கட்டித் திசை காட்டப்பட்டு வருகிறது. வெட்டிய விளிம்புகளில் வெவ்வேறு நிற மை தடவுகிறார்கள். எலும்பை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்க நாட்கள் பிடிக்கும். ஒவ்வொரு நெறியையும் கொழுப்பிலிருந்து விரலால் தடவிப் பொறுக்கி எடுக்க வேண்டும். நாற்பது நெறி பொறுக்கும் மருத்துவரும் இருக்கிறார், பத்தோடு எழுந்துவிடுபவரும் இருக்கிறார். தேடாத நெறியில் நோய் இல்லை என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்ல முடியாது.

பிறகு அளவுகோல். புண் எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது முக்கியம். பக்கத்தில் இருக்கும் நல்ல தோலின் அடிக்கோட்டை நீட்டி, அதிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் நேர்கீழே ஒரு கோடு இறக்கி, புற்றின் கடைசிச் செல்வரை அளக்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர் என்பவை எல்லைகள். அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு இந்த ஆழத்தை நோயின் கட்டத்தைத் தீர்மானிக்கும் கணக்கில் சேர்த்தது. 2018இலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதே பதிப்பு இன்னொன்றையும் சேர்த்தது: நெறிக்குள் இருந்த நோய் அதன் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா?

இந்த உறை விஷயத்தில் கொஞ்சம் நின்றாக வேண்டும். கழுத்தில் ஒரு நெறியிலாவது நோய் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்பது பாடநூல் கணக்கு. உறை கிழிந்திருந்தால் இன்னும் குறைகிறது. ஆனால் இது வெறும் கெட்ட செய்தி அல்ல, கையாளக்கூடிய செய்தி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2004இல் ஒரே இதழில் வந்தன. உறை கிழிந்தவர்களுக்கும் வெட்டிய விளிம்பில் நோய் மிஞ்சியவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுப்பது பலன் தருகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. அன்றுமுதல் அந்தக் கிழிசல் ஒரு குறியீடாகிவிட்டது. அதற்குப் பளபளப்பான பெயர் இல்லை, இயந்திரம் தேவையில்லை. நல்ல ஒரு ஸ்லைடும் பொறுமையான கண்ணும் போதும். நம் மருத்துவமனைகளில் இது ரிப்போர்ட்டில் எழுதப்படாமலே போகும் நேரங்கள் உண்டு. அப்போது நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமல் போகிறது. புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் ஆழமும் உறையும் விளிம்பும் தவறாமல் எழுதப்படுவது அதிக உயிர்களைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளிம்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. அறுவை மருத்துவர் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதை விட்டு வெட்டுகிறார். சதை வெட்டுப்பட்டதும் சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். நுண்ணோக்கியில் ஐந்து மில்லிமீட்டர் தேறினால் நிம்மதி. அப்படித் தேறியவர்களுக்கும் ஏன் அதே இடத்தில் நோய் திரும்புகிறது? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 1995இல் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். விளிம்பு சுத்தம் என்று நுண்ணோக்கி சொன்ன 25 பேரின் விளிம்புச் சதையில் பழுதான பி53 மரபணுவைத் தேடினார்கள். 13 பேரிடம் அது இருந்தது. அவர்களில் ஐந்து பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. இல்லாத 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத வயல் மூலக்கூறுக்குத் தெரிந்தது.

பி53க்கு இப்படித்தான் பெரும் புகழ் வந்தது. 1979இல் கண்டெடுக்கப்பட்ட புரதம் அது. தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 420 பேரை வைத்து 2007இல் வந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த மரபணு பழுதாகியிருந்தது. புரதத்தின் அமைப்பையே குலைக்கும் பழுது இருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பைக் குழுவினரும் சேர்ந்து, நம் ஈறு-கன்னப் புற்றின் மரபணுப் படத்தை 2013இல் வெளியிட்டார்கள். அதிலும் பி53 முன்வரிசையில் நின்றது. மேல்நாட்டு நோயாளிகளிடம் அவ்வளவாகக் காணாத சில மரபணுக்களும் கூடவே வந்தன. இவ்வளவு இருந்தும், இன்று ஒரு நோயாளிக்கு பி53 பார்த்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. பழுதான பி53ஐச் சரிசெய்யும் மருந்து நடைமுறைக்கு வரவில்லை. மொத்தத்தில் பெரும்பாலோரிடம் பழுதாக இருக்கும் ஒன்று, ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டவும் அதிகம் உதவாது.

பிளாக்கின் கதையில் இது ஒரு சோகமான அத்தியாயம். எண்பதுகளின் கடைசியிலிருந்து உலகம் முழுவதும் வாய்ப்புற்று பிளாக்குகளைச் சீவிச் சீவி நூற்றுக்கணக்கான புரதங்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றிப் பார்த்தார்கள். கேஐ-67, சைக்ளின் டி1, இ-காட்ஹெரின் என்று ஒரு நீண்ட வரிசை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டுரையில் ஆயுளைக் கணித்தது. அடுத்த ஊரில் கணிக்கவில்லை. நாற்பது, ஐம்பது பேரை வைத்துச் செய்தார்கள். நாக்கையும் கன்னத்தையும் தொண்டையையும் ஒரே மூட்டையில் கட்டினார்கள். ஒருவர் பத்து சதவீதம் செல்லில் நிறம் ஏறினால் ஆம் என்றார், இன்னொருவர் ஐம்பது வேண்டும் என்றார். இந்தக் குழப்பத்துக்குக் கடிவாளம் போட 2005இல் ‘ரிமார்க்’ என்ற நெறிமுறையே எழுத வேண்டி வந்தது. தொண்டையில் மிக நன்றாக வேலை செய்யும் பி16 கன்னத்துக்கு வந்ததும் கைவிட்டுவிடுகிறது; காரணம், அது காட்டுவது பாப்பிலோமா வைரஸின் தடத்தை. நம் கன்னப் புற்றின் காரணம் வைரஸ் அல்ல, புகையிலையும் பாக்கும்.

ஈஜிஎஃப்ஆர் இன்னொரு பாடம். செல்லின் மேல் நின்று வளரச் சொல்லும் செய்தியை வாங்கும் புரதம் அது. வாய்ப்புற்றில் பெரும்பாலும் அளவுக்கு அதிகமாக இருக்கிறது. அதை அடைக்கும் செடுக்ஸிமாப் வந்தது. கியூபாவில் பிறந்த நிமோடுஸுமாப் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மருந்து பலன் தந்தது. ஆனால் பிளாக்கில் அந்தப் புரதம் எவ்வளவு நிறம் காட்டுகிறது என்பதை வைத்து யாருக்குப் பலன் தரும் என்று சொல்ல முடியவில்லை. ஒருவரின் நோய் எவ்வளவு கொடியது என்று சொல்வது வேறு, ஒரு மருந்து அவருக்கு வேலை செய்யுமா என்று சொல்வது வேறு. குடும்பத்தார் கேட்பது முதலாவதை: “எவ்வளவு நாள் சார் தாங்குவாரு?” மருத்துவருக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவது.

இரண்டாவதற்கு ஓரளவு பதில் சொல்லும் குறி ஒன்று வந்தது. அப்போதுதான் நம் பிளாக்கைத் தேடிப் பழைய அலமாரி திறக்கப்படுகிறது. ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து மாதங்கள் கழித்து நோய் திரும்பியிருக்கும். மறுபடி வெட்ட முடியாது என்று சொல்லியிருப்பார்கள். “பிடி-எல்1 பார்க்கணும், பிளாக் வாங்கிட்டு வாங்க” என்று ஒரு சீட்டு. மகனோ மருமகனோ சீட்டோடு பழைய மருத்துவமனைக்குப் போகிறார், விண்ணப்பம் எழுதுகிறார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார், காகிதத்தில் சுற்றிய பிளாக்குகளையும் பிளாஸ்டிக் பெட்டியில் ஸ்லைடுகளையும் வாங்கிக்கொண்டு இரவு பஸ் ஏறுகிறார். அப்பாவின் கன்னம் மடியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கக் கூடாது, மெழுகு இளகிவிடும் என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எந்த பிளாக்கை அனுப்புவது என்பதே ஒரு தேர்வு. எலும்புள்ளது வேண்டாம், அமிலத்தில் ஊறியதால் புரதம் சிதைந்திருக்கும். செத்த சதை நிறைந்ததும் வேண்டாம். உயிரோடிருந்த புற்றுச் செல்கள் நூறாவது தேற வேண்டும். முன்பே சீவி வைத்த பழைய ஸ்லைடைவிட இப்போது புதிதாகச் சீவுவது நல்லது. பிடி-எல்1 என்ற புரதத்துக்கு நிறம் ஏற்றிய பிறகு நோய்க்குறியியல் மருத்துவர் எண்ணுகிறார்: நிறம் ஏறிய புற்றுச் செல், அதோடு நிறம் ஏறிய எதிர்ப்புச் செல்கள், இந்தக் கூட்டுத்தொகையை மொத்தப் புற்றுச் செல்களால் வகுத்து நூறால் பெருக்கினால் சிபிஎஸ் என்ற எண் வருகிறது. எதிர்ப்புச் சக்தியின் கையைக் கட்டிப்போட புற்று எவ்வளவு முயல்கிறது என்பதன் தோராய அளவு அது. அதே கட்டியின் இன்னொரு மூலையைச் சீவினால் வேறு எண் வரக்கூடும்.

2019இல் ‘லான்செட்’டில் வந்த பெரிய ஆய்வில், இந்த எண் இருபதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, அந்தக் கட்டை அவிழ்க்கும் பெம்ப்ரோலிஸுமாப் மருந்தை மட்டும் கொடுத்தபோது நடுமட்ட ஆயுள் 14.9 மாதம், பழைய சிகிச்சையில் 10.7. நடுமட்டம் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். அந்த வாக்கியத்தைக் குடும்பத்திடம் சொல்லும்போது இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஆனால் அந்த மருந்தின் விலை நம் வீடுகளுக்கு எட்டாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதற்கு வேறு வழி பார்த்தது. மெத்தோட்ரெக்ஸேட், செலகாக்சிப், எர்லோட்டினிப் என்ற மாத்திரைகளோடு, நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். 151 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருட முடிவில் உயிரோடிருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்த குழுவில் 43.4 சதவீதம். மருந்துக் கம்பெனி கேட்காத கேள்வியை ஒரு பொது மருத்துவமனை கேட்டு வாங்கிய பதில் இது.

இப்போது குறி இன்னும் முன்னால் நகர்கிறது. ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் பெம்ப்ரோலிஸுமாப் கொடுக்க அமெரிக்கா 2025இல் அனுமதி தந்திருக்கிறது, சிபிஎஸ் ஒன்றாவது இருந்தால். அப்படியானால் அந்த முதல் பட்டாணித் துண்டிலேயே எண்ண வேண்டும். ஃபார்மலின் பாட்டில் பழையபடியே ஃபார்மலின் பாட்டில்தான். அதன் பொறுப்பு மட்டும் பன்மடங்காகிவிட்டது.

பிளாக்குக்கு இன்னொரு பயணமும் உண்டு. 1998இல் வந்த ஒரு முறைப்படி பிளாக்கில் 0.6 மில்லிமீட்டர் தடிமனுக்குத் துளையிட்டு ஒரு குச்சிபோல் எடுத்து, நூற்றுக்கணக்கானவர்களின் குச்சிகளை ஒரே மெழுகில் வரிசையாக நடுகிறார்கள். ஒரே ஸ்லைடில் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும். ஒரு புதிய குறியை எல்லோரிடமும் ஒரே நாளில் சோதிக்கலாம். ஆனால் நிறம் ஏறியது, ஏறவில்லை என்பது பாதிக் கணக்குதான். அந்த ஆள் பிறகு என்ன ஆனார்? நோய் திரும்பியதா, எப்போது? இந்தத் தேதி இல்லாத பிளாக்கால் ஆயுளைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. நம் நாட்டு ஆய்வுகள் பலவும் தடுக்கி விழுவது இங்கேதான். கதிர்வீச்சு முடிந்ததும் ஆள் ஊருக்குப் போய்விடுகிறார், செல்போன் எண் மாறிவிடுகிறது, மறுபரிசோதனைக்கு வருவதில்லை. கோப்பில் ‘தொடர்பு அற்றது’ என்று ஒரு வரி.

அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1981இல் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது இந்த வரியை ஏற்காமல் இருப்பதற்காகவும்தான். அங்கிருந்து ஆட்கள் முகவரியை வைத்துக்கொண்டு வீடு தேடிப் போகிறார்கள். கடிதம் போடுகிறார்கள், இறப்புப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். 2012இலிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் பதிவேடு விரிந்தது. குடிமாறிப் போன தெருவில் பக்கத்து வீட்டாரிடம் பெயர் சொல்லி விசாரித்து, “அவர் போய் ரெண்டு வருஷமாச்சுங்க, தை மாசம்” என்பதையோ, “உள்ளே இருக்கார், கூப்பிடறேன்” என்பதையோ கேட்டு எழுதிக்கொண்டு வருகிற அந்த ஊழியர் கொடுக்கும் தேதியால்தான், அலமாரியில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்துக் கட்டம் நிரம்புகிறது.